கொசுறுப் புறா

பேசாதீங்க சார். பேசினால் வாய் கோணலாக விழும். தோளை இறக்குங்க. தாடை கொஞ்சம் மேலே. அவ்வளவு மேலே வேண்டாம், பென்ஷன் வாங்கப் போறவர் தேர்தலில் நிற்கப் போறவர் மாதிரி இருக்கு. ஆங், முடிஞ்சது. இந்த ஸ்டூலில் வந்து உட்காருங்க. கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி, பிரிண்ட் எடுக்கக் கால் மணி நேரம் ஆகும். எதிரே கருவூலத்தில் மூணு மணி வரைக்கும் பேப்பர் வாங்குவாங்க, பதறாதீங்க.

ஏதோ சொல்ல வந்தீங்க. கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டறீங்க. எனக்குத் தெரியும் சார். முகத்தைப் பார்த்ததுமே யாருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரிஞ்சிடும். வாய் விட்டுக் கேட்க உங்களுக்குக் கூச்சம். சும்மா உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்.

சுவரில் அந்தப் படத்தைப் பார்க்கறீங்களா? வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். தியேட்டர் திரையை யாரோ செல்போனில் கோணலாகப் பிடித்த மாதிரி இருக்கும். அப்படிப் பிடித்ததுதான். கீழே கறுப்பாக இருப்பது முன் சீட்டுக்காரர் தலை. மேலே வெள்ளையாக இருப்பது புறா. அலகில் அது கவ்விக்கொண்டிருப்பது ஒரு பெயர்.

அந்தப் புறா என் கம்பெனிப் புறா. மூன்று மாடி, அறுபது பேர், சினிமாவுக்குக் கிராபிக்ஸ் செய்து கொடுக்கிற கம்பெனி. அந்தப் புறாவை வைத்துத்தான் அதைத் தூக்கி நிறுத்தினேன். விழுந்ததும் அந்தப் புறாவால் என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதீங்க. விழுந்தது முபாரக்கால். மூன்று தடவை வந்து கேட்ட மனுஷன் நாலாவது தடவை வந்து கேட்கவில்லை. அவ்வளவுதான் கதை. ஆனால் முழுசாகக் கேட்டால்தான் யார்மேல் தப்பு என்று உங்களுக்கே விளங்கும்.

நான் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வளர்ந்தவன். எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம், மீதிப் படிப்பெல்லாம் மார்க்கெட்டில் அடிபட்டுப் படித்தது. ஒருத்தன் மேலே நல்ல தக்காளியை அடுக்கி அடியில் அழுகலை வைத்து எட்டுக் கூடையை என் தலையில் கட்டிவிட்டான். அன்றிலிருந்து எதை வாங்கினாலும் அடிவரைக்கும் கை விட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன். பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரத் தட்டின் அடியில் கை விட்டேன் என்று என் மாமனார் இன்னும் சொல்லிக் காட்டுவார். காட்டட்டும். மேலாகப் பார்த்து ஏமாறுகிற ஆள் இந்த நாட்ராயன் இல்லை.

மார்க்கெட்டில் நான் கற்றுக்கொண்ட இன்னொன்று கொசுறு. விலையில் மட்டும் இறங்கவே கூடாது சார். ஒரு தடவை இறங்கினால் மறுநாளும் அந்தப் படியிலிருந்துதான் கேட்பான். இறங்காதே, கொசுறு போடு. ஒரு கொத்துக் கறிவேப்பிலை, இரண்டு பச்சைமிளகாய். அதைப் பார்த்ததும் வாங்குகிறவன் முகம் மலரும் பாருங்க, அந்த மலர்ச்சிக்கு முன்னால் விலையெல்லாம் அவனுக்கு மறந்து போகும்.

மெட்ராஸுக்கு வந்து ஷூட்டிங் சாப்பாட்டுக்குக் காய்கறி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாலிகிராமத்தில் கத்தரிக்காய் இறக்கும்போது பார்க்கிறேன், ஒல்லியாக ஓர் ஆள் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறான். எதிரே படத்தின் மேனேஜர். சண்டைக் காட்சியில் ஹீரோவைக் கம்பியில் கட்டித் தூக்கிப் பறக்கவிடுவார்கள் இல்லையா, அந்தக் கம்பி படத்தில் தெரியாமல் கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டும். நாற்பது ஷாட்டு. மேனேஜர் பாதி விலைக்குக் கேட்கிறார், இவன் "சரிங்க" என்கிறான். அதிலும் பாதிக்குக் கேட்கிறார், அதற்கும் "சரிங்க" என்கிறான். எனக்கு வயிறு எரிந்துவிட்டது. யாரோ பெற்ற பிள்ளை, இப்படியா தோற்பது? கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போய் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

"நீங்க யாரு?" என்றார் மேனேஜர்.

"இவருக்காகப் பேசறவன்," என்றேன். அவன் அதற்கு முன்னால் என்னைப் பார்த்ததே இல்லை.

பழைய விலையிலேயே நின்றேன். மேனேஜர் எழுந்து போகிற மாதிரி நடித்தார். நான் அவன் பக்கம் திரும்பி, உன் பொட்டியில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். சொந்த ஆசைக்கு ஒரு புறா செய்து வைத்திருந்தான். ஒரே ஒரு புறா. ஆனால் அதை நூறாக்கலாம், ஆயிரமாக்கலாம், எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்றான். போதாதா? "கம்பிக்கு விலை அதேதாங்க. ஆனா ஹீரோ குதிக்கறப்ப பின்னால நூறு புறா கிளம்பும். அது கொசுறு" என்றேன். மேனேஜர் முகம் மலர்ந்தது. அதே கறிவேப்பிலை மலர்ச்சி.

அந்த ஒல்லி ஆள்தான் முபாரக். அப்படிப் பிறந்ததுதான் நாட்ராயன் எஃபெக்ட்ஸ். பேரை இங்கிலீஷில் ஸ்டைலாக வையுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கம்பியை அழிக்கலாம், எங்கப்பன் வைத்த பேரை அழிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டே வருஷத்தில் எங்கள் புறா பறக்காத படம் இல்லை. கோர்ட்டு சீனில் பறந்தது. சாவு வீட்டில் பறந்தது. நடுக்கடலில் கப்பலுக்குள் ஒரு பாட்டு, அதிலும் பறந்தது. தமிழ் சினிமாவில் சமாதானத்துக்கான ஏக்கம் பெருகிவிட்டது, புறாக்களே அதன் அடையாளம் என்று ஒரு பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதினார்கள். முபாரக் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினான். நான் கிழித்தேன். ஏக்கமாவது ஒண்ணாவது, பேரம் படியாத இடத்தில் எல்லாம் பறந்தது அது.

ஒரு சோபா கடைக்கு மேலே மூன்று மாடியும் பிடித்தோம். அறுபது பேர் வேலைக்கு. கொசுறும் கூடவே வளர்ந்தது. முதலில் புறா மட்டும் கேட்டார்கள். அப்புறம் ஹீரோவின் நரைத்த தாடி. அப்புறம் கண்ணுக்குக் கீழே பை, கழுத்து மடிப்பு, வில்லனுக்கு வழுக்கை. எல்லாம் கொசுறு. "சார், மூட்டையைவிடக் கொசுறு பெருசா இருக்கு" என்பான் முபாரக். நீ கம்பியைப் பார், பேச்சை எங்கிட்ட விடு என்பேன். ஹாலில் பெரிய வெள்ளைப் பலகை மாட்டி அதில் யார் யாருக்கு என்ன வேலை, எத்தனை ஷாட்டு என்று எழுதி வைப்பான். ஒழுங்கானவன்தான். அதை நான் மறுக்கவில்லை.

இருங்க சார், அதற்குள் என்ன? இன்னும் பிரிண்டுக்கே போகலை. கன்னத்திலேயே கை வைக்காதீங்க, அதெல்லாம் ஆகிக்கிட்டிருக்கு. பேசிக்கொண்டே வேலை செய்வேன் நான். கேளுங்க, இனிமேல்தான் விஷயமே.

ஒரு நாள் சிட்டிபாபு வந்தார். அண்ணனோட மச்சினர், அண்ணன் படங்களுக்கெல்லாம் தயாரிப்பாளர். அண்ணன்னா பெரிய ஹீரோ, யார் என்று மட்டும் கேட்காதீங்க. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்த வாக்கை நான் மீறினது கிடையாது.

சிட்டிபாபு கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது, கதையில் இருபத்தெட்டு. முகத்தை மேக்கப் பார்த்துக்கொள்ளும். தலையை விக் பார்த்துக்கொள்ளும். சொல்ல வந்தவர் சொல்ல முடியாமல் தன் வயிற்றைத் தடவிக் காட்டினார். கம்பி, நெருப்பு, புகை எல்லா வேலையும் எங்களுக்கே, கூட இதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்றார். அவருக்கு அவ்வளவு கூச்சம். மாட்டுச் சந்தையில் கையின்மேல் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மாதிரி என் துண்டை எடுத்து அவர் கையின்மேல் போட்டேன். ஏசி ரூமில் உட்கார்ந்து விரலாலேயே பேசி முடித்தோம். தொப்பை கொசுறு.

"வெளியில ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது," என்றார்.

"என் வாயிலிருந்து ஒரு சொல் வராது," என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

தொப்பையை உள்ளே தள்ளுவது பெரிய காரியம் இல்லை சார். அதைத் தள்ளும்போது பின்னால் இருக்கிற கதவும் தூணும் சேர்ந்து உள்ளே வளையும். அதை நிமிர்த்துவதில்தான் இருக்கிறது வேலை. முதல் படத்தில் எங்களுக்கு அது பிடிபடவில்லை. அண்ணன் கோயில் வாசலில் நடந்து போகிறார், கோபுரம் அவர் இருக்கிற பக்கமாகச் சாய்கிறது. முடிந்தது நம் கதை என்று நினைத்தேன். ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "கோபுரமே வணங்கும் எங்கள் குலவிளக்கே" என்று போஸ்டர் அடித்து ஒட்டினார்கள்.

ஆனால் எத்தனை தடவை கோபுரம் வணங்கும்? அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவள்தான் ஜெனிட்டா. தூத்துக்குடிப் பெண். அவள் கையில் தொப்பை தானாக உள்ளே போகும், தூண் தூணாகவே நிற்கும். அண்ணன் சட்டையின் கோடுகூடக் கலையாது. ஒரு ஷாட்டுக்கு ஒரு நாள் முழுக்கத் திரையின் முன் குனிந்து கிடப்பாள். நான் தட்டிக்கொடுப்பேன். யாருக்கும் தெரியவில்லையே, அதுதான் உன் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

அதில்தான் வந்தது வில்லங்கம். அவள் அப்பா வியாகுலம், மீன்பிடிப் படகு இன்ஜின் மெக்கானிக். மகள் சினிமாவில் வேலை செய்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். ஒவ்வொரு படமும் வெளியானதும் போய், கடைசியில் பேர் ஓடும்போது எல்லாரும் எழுந்து போன பிறகும் நின்று, விளக்குமாறு எடுத்து வருகிற ஆள் விரட்டும்வரை படிப்பார். சாப்பாடு போட்டவர் பேர் வரும். வண்டி ஓட்டினவர் பேர் வரும். மகள் பேர் வராது. கிராபிக்ஸ் ஆட்கள் பேரை யார் போட்டார்கள்? கம்பெனி பேர் ஒரு வரி வரும், அதோடு சரி. "இல்லட்டி, லைட்டப் போட்டுட்டான்" என்று வெளியே வந்து போன் பண்ணுவாராம். நாலு படம் அப்படி. ஐந்தாவது படம் பார்த்ததும் போன் பண்ணவில்லை. பஸ் ஏறி ஆபீஸுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு பெரிய கருவாட்டுப் பொட்டலத்தோடு.

என் ரூமில் உட்காரவைத்து மரியாதை செய்தேன்.

"எம் மவ இங்கன என்ன சோலி பாக்கா?" என்றார்.

"பெரிய சோலிங்க."

"பெரிய சோலின்னா?"

நான் வாக்குக் கொடுத்தவன். "அது வெளியில சொல்லக் கூடாத சோலிங்க," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "யாருக்குச் செய்தா?"

"ஒரு பெரிய மனுஷருக்கு. அவர் பேரையும் சொல்லக் கூடாது."

"அவரு இங்கன வருவாரோ?"

"அவர் வர மாட்டாருங்க. அவர் மச்சினர்தான் வருவார். வந்தார்னா கதவைச் சாத்திக்குவோம்."

இதைவிடப் பக்குவமாக யாரால் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க, நானே சொல்கிறேன். அந்த மனுஷர் கொண்டுவந்த கருவாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு எழுந்தார். ஹாலுக்குப் போய் அறுபது பேர் நடுவில் நின்றார். "ஏட்டி, பெட்டியக் கெட்டு," என்றார்.

என்ன சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஜெனிட்டா அவரைப் படிக்கட்டில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசி ஒரு தவணை வாங்கினாள். அடுத்த படத்தில் அவள் பேரும் அவள் செய்த வேலையும் திரையில் வரவேண்டும், அவர் கண்ணால் படிக்க வேண்டும். இல்லையென்றால் ஊர். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"என் பேரு வரணும் சார். பேருக்கு நேரா என் வேலை வரணும். இல்லைன்னா அடுத்த தொப்பைய நீங்களே தள்ளிக்குங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள்மேல் இல்லை சார், சிட்டிபாபுமேல். சாப்பாடு போட்டவன் பேர் வரும், என் பிள்ளைகள் பேர் வராதா? நேராக அவர் ஆபீஸுக்குப் போய் மேஜையைத் தட்டினேன். அறுபது பேர் பேரும் வேண்டும் என்றேன். திரையில் இடம் இல்லை என்றார். இடத்தை நான் உண்டாக்குகிறேன் என்றேன். கடைசியில் பேர் ஓடும்போது தியேட்டரில் எவன் இருப்பான், யார் படிப்பார்கள் என்று சிரித்தார். விடுவேனா? கொசுறை எடுத்தேன். கடைசி டைட்டில் முழுக்க நாங்களே செய்து தருகிறோம், சும்மா. ஒவ்வொரு பேரையும் புறா கவ்விக்கொண்டு வரும், கரணம் அடிக்கும், டான்ஸ் ஆடும். ஒருத்தன் எழுந்து போக மாட்டான், எல்லாரும் கடைசிவரை உட்கார்ந்து படிப்பார்கள். ஒவ்வொரு பேரும் எட்டு விநாடி நிற்க வேண்டும் என்றும் சேர்த்து வாங்கினேன். வியாகுலம் எழுத்துக் கூட்டி நிதானமாகப் படிக்கிறவர்.

சிட்டிபாபு முகமும் மலர்ந்தது. நான் பேசி ஜெயித்ததிலேயே பெரிய பேரம் அதுதான். இன்றைக்கும் சொல்வேன்.

இப்போது முபாரக்குக்கு வருகிறேன். முதல் தடவை வந்து, டைட்டிலுக்குப் பலகையில் இருக்கிற லிஸ்ட்டையே எடுத்துக்கொள்ளவா என்று கேட்டான். நான் ஏசி மெக்கானிக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எடுத்துக்கோ என்றேன். இரண்டாவது தடவை நான் சாப்பிடும்போது வந்தான். வேலைப் பேரெல்லாம் பலகையில் எழுதியிருக்கிற மாதிரியே வரும், ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் என்றான். எனக்குச் சுருக்கென்று வந்தது. "அந்தப் பொண்ணோட அப்பா படிக்கப் போறார். சிறப்பு உதவி, அது இதுன்னு சுத்தி வளைச்சா, என்ன உதவின்னு மறுபடியும் கருவாட்டோட வந்து நிப்பார். யார் என்ன செஞ்சாங்களோ அதை நேரா போடு." மூன்றாவது தடவை கதவுக்கு வெளியேயே நின்றான். "சார், அப்படியே போட்டா..." என்று இழுத்தான்.

"அப்படியேன்னா அப்படியே. எத்தனை தடவை கேட்பே?"

போய்விட்டான். நாலாவது தடவை வரவில்லை. இதைத்தான் சொல்கிறேன்.

டைட்டிலை நான் பார்க்காமல் அனுப்பவில்லை. முதல் பேர் என் பேர், கு. நாட்ராயன். புறா கவ்விக்கொண்டு வந்தது. புறா சின்னதாக இருந்தது. முதலாளி பேரைத் தூக்குகிற புறா இப்படியா இருக்கும் என்று அதற்கே ஒரு மணி நேரம் சண்டை போட்டுப் பெரிசாக்கினேன். அதற்குள் மறுநாள் ரிலீஸ், படப்பெட்டியை அனுப்ப வேண்டும் என்று வந்து நின்றார்கள். மிச்சமெல்லாம் நம் பிள்ளைகள் செய்ததுதானே என்று அனுப்பிவிட்டேன். சிட்டிபாபு பார்க்கவில்லையா என்று நினைப்பீங்க. கொசுறை யார் சார் சோதித்து வாங்குவார்கள்? கறிவேப்பிலையை எண்ணி வாங்கினவர் யாராவது உண்டா?

மறுநாள் பதினொரு மணிக் காட்சி. தியேட்டர் நிறைய ரசிகர்கள். மேலே பால்கனியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அண்ணன், பக்கத்தில் சிட்டிபாபு, பின் வரிசையில் நாங்கள். படம் அமோகம். அண்ணன் மூங்கில் மாதிரி இருந்தார். படம் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். அப்போது திரையின் மூலையிலிருந்து புறா வந்தது. என் பேரோடு ஒரு கரணம் அடித்தது. விசில். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள். நான் ஜெனிட்டாவைப் பார்த்தேன். அவள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியிலும் அதே நேரத்துக்குக் காட்சி.

கம்பி அழிப்பு, ஆறு பேர். கைதட்டல். நெருப்பு, நாலு பேர். கைதட்டல். புகை. வெள்ளம். அப்புறம் புறா கவ்விக்கொண்டு வந்தது: அண்ணன் தாடி நரை, இரண்டு பேர். யாரும் கைதட்டவில்லை. அண்ணன் கழுத்து மடிப்பு, மூன்று பேர்.  அடுத்த புறா வந்தது. அதற்கு மட்டும் முபாரக் இரண்டு கரணம் வைத்திருந்தான். அண்ணன் தொப்பை, வி. ஜெனிட்டா, 412 ஷாட்டுகள்.

எட்டு விநாடி சார். எட்டு விநாடி எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கீழே முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "டேய், நானூத்திப் பன்னெண்டுடா." அவ்வளவுதான். தியேட்டரே வெடித்தது. அத்தனை தலையும் பால்கனிப் பக்கம் திரும்பியது. அண்ணன் எழுந்து நின்று எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். கும்பிடுவதற்கு முன்னால் மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

சிட்டிபாபு என் சட்டையைப் பிடித்தார். வாக்குக் கொடுத்தாயே என்றார். "என் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததா?" என்று திருப்பிக் கேட்டேன்.   நியாயம் என் பக்கம்.

ஆனால் நியாயத்தை வைத்து மூன்று மாடியை நடத்த முடியாதே. எங்கள் வேலையில் குறை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லா ஹீரோக்களுக்கும் ஒரே பயம்தான். என் பலகையில் எல்லாருடைய லிஸ்ட்டும் இருக்கிறதே. எங்கள் தெருப்பக்கம் வண்டியைத் திருப்பவே அஞ்சினார்கள். ஆறு மாதத்தில் ஒவ்வொரு மாடியாகக் காலி செய்து இறங்கினோம். இப்போது மூன்று மாடியிலும் சோபா, எனக்கு இந்தப் போட்டோக் கடை. அண்ணன் அதற்குப் பிறகு எந்தப் படத்தில் வந்தாலும் வயிற்றுக்கு முன்னால் எதையாவது பிடித்துக்கொண்டேதான் வருவார். கைக்குழந்தை, பூசணிக்காய், தேசியக் கொடி.

முபாரக்கும் ஜெனிட்டாவும் சேர்ந்து வடபழனியில் ஒரு கம்பெனி போட்டிருக்கிறார்கள். பதினைந்து பேர். வேலை கொடுக்கிறவர்கள் எல்லார் பேரையும் போட வேண்டும் என்பது முதல் கண்டிஷன், கொசுறு கிடையாது என்பது இரண்டாவது கண்டிஷன். கொசுறு போடாத கடை எத்தனை நாள் ஓடும்? ஏழு வருஷமாக ஓடுகிறது. பார்க்கலாம்.

இந்தப் படத்துக்கு வருகிறேன். அன்றைக்குத் தியேட்டரிலிருந்து போலீஸ் துணையோடு வெளியே வந்து ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணி. தூத்துக்குடியிலிருந்து போன். வியாகுலம்.

"பேரு வந்துச்சு சார்," என்றார்.  "நானூத்திப் பன்னெண்டுன்னு போட்டிருந்துச்சு. அம்புட்டும் எம் மவளா?"

"அம்புட்டும் உங்க மகதாங்க."

 இந்த மனுஷரும் திட்டப் போகிறார் என்று காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்தேன்.

"அடுத்த ஆட்டத்துக்கு மறுபடியும் போனேன் சார். கதையைப் பாக்கல, அந்த மனுஷன் வயித்த மட்டும்தான் பாத்தேன், முதல்லருந்து கடைசிவரைக்கும். ஒரு இடத்துலகூட ஒட்டுப்போட்டது தெரியல. நான் முப்பது வருஷமா இன்ஜினுக்கு ஒட்டுப் போடுதேன். தெரியாமப் போட எனக்கு இன்னும் வரல."

போனை வைத்த கையோடு இந்தப் படத்தை அனுப்பினார். மறு வாரம் அந்தக் கருவாடும் வந்தது. எனக்கும் முதலிலேயே விளங்கியிருக்க வேண்டும். வேலையைச் செய்தவன் பேரையும் செய்த வேலையையும் மறைக்கவே கூடாது. அன்றிலிருந்து என் கடையில் அதுதான் சட்டம்.

ஆங், பிரிண்ட் வந்தாச்சு. பிடிங்க. எட்டுக் காப்பி கேட்டீங்க, பத்து இருக்கு. இரண்டு கொசுறு. அது மட்டும் இல்லை, முகத்தைப் பாருங்க. வலது கன்னத்தில் சுண்டைக்காய் அளவுக்கு இருந்ததே ஒரு மச்சம், துடைத்து எடுத்துவிட்டேன். ஜெனிட்டா ஒரு மத்தியானம் சொல்லிக்கொடுத்த கைவேலை. தோலில் தடம் தெரிகிறதா? தெரியாது. பின்பக்கம் திருப்புங்க. பத்துக் காப்பியிலும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி எழுதியிருக்கேன்: மச்சம் அழிப்பு, கு. நாட்ராயன், 1.

ஏன் சார் இப்படிப் பார்க்கறீங்க? என்ன பேப்பர் அது, கொடுங்க. பென்ஷன் விண்ணப்பம். அங்க அடையாளங்கள், ஒன்று: வலது கன்னத்தில் ஒரு மச்சம்.

ஆபீஸ் சர்வீஸ் ரிஜிஸ்டர்லயும் இதே அடையாளம்தானா?

அதைச் சொல்லத்தான் கன்னத்தைக் கன்னத்தைக் காட்டினீங்களா? வந்து உட்கார்ந்ததும் ஒரு தடவை காட்டினீங்க. நடுவில் ஒரு தடவை. பிரிண்ட் போடும்போதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தீங்க, அதோடு மூணு.

நாலாவது தடவை சொல்லியிருக்கக் கூடாதா சார்?